தை வரைக்கும்

"கண்ண மூடிக்கோங்கண்ணே" என்றார் மோசஸ். மூடிக்கொண்டேன். பதினோரு வருஷமாக இந்த நாற்காலியில் உட்கார்ந்து இவர் சொன்னதும் கண்ணை மூடுகிறேன், இவரும் ஈரப் பஞ்சை நெற்றியில் வைத்து மூக்கின் இரண்டு பக்கமும் இறக்கித் தாடையில் கொண்டுவந்து முடிக்கிறார், நான் பலகைக்கு வார்னிஷ் அடிப்பதும் இப்படித்தான், மேலிருந்து கீழே, ஒரே வாக்கில். மரத்துக்காவது முதலில் உப்புத்தாள் போட்டுத் தேய்க்கலாம், ஐம்பத்தொன்பது வயது மூஞ்சியை என்னத்தைத் தேய்க்க. மேலே தகரக் கூரையில் மழை கொட்டுகிறது. இந்த ஸ்டூடியோ ஒரு காலத்தில் அரிசி கோடவுனாக இருந்ததாம், மழை பெய்தால் இன்னமும் சாக்கு வாசனை வரும், அதற்கு மேல் பவுடர் வாசனை, அதற்கும் மேல் மோசஸ் வாயில் போட்டிருக்கும் கிராம்பு. பதினொன்றரைக்கு நேரலை. இப்போது பத்தே முக்கால். இன்னும் முக்கால் மணி நேரத்தில் நான் காமிராவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு ஒரு வாக்கியம் சொல்லவேண்டும். பெரிய வாக்கியமெல்லாம் இல்லை, எத்தனை நூறு தடவை சொல்லியிருப்பேனோ, தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன் என்று ஒரு காலத்தில் பெருமை அடித்துக்கொண்டதுதான். மழையில இறுகினா வெயில்ல தளரும், தை வரைக்கும் பொறுங்க. இன்றைக்கு அது வாயில் வருமா என்று தெரியவில்லை. காலையில் பல் தேய்க்கும்போது கண்ணாடியைப் பார்த்துச் சொல்லிப் பார்த்தேன், 'மழையில' வரைக்கும் வந்தது, அப்புறம் நுரையைத் துப்பிவிட்டு வாயைக் கொப்பளித்துக்கொண்டேன். அடுத்த வாரம் வியாழக்கிழமையோடு ஆவுடை போய் ஒரு வருஷம். ஆவுடை என் பெண்டாட்டி. எங்கள் வீட்டு பாத்ரூம் கதவுக்கு அந்தப் பக்கம் செத்துப்போனாள். ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் என்றுதான் எழுதிக் கொடுத்தார்கள், எழுதுகிறவர்கள் எழுதட்டும், எனக்குக் கதவுக்கு அந்தப் பக்கந்தான். கதவு மழையில் இறுகிப் போயிருந்தது. இழைத்துக் கொடுங்கள் என்று மூன்று வருஷம் கேட்டாள். தை வரைக்கும் பொறு என்றேன்.

"கண்ணுக்குக் கீழ ரொம்ப வீங்கிருக்கேண்ணே, தூங்கலியா?" தூங்கினேன் என்றேன். மோசஸ் நல்ல மனுஷர், பொய்யைப் பொய் என்று தெரிந்தும் அதன்மேல் பவுடர் போட்டுக்கொண்டே போகிறவர், அவர் தொழிலே அதுதானே. என் தொழிலும் அதுதான், ஆனால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். கடையநல்லூர்ப் பக்கத்திலிருந்து உளியும் கையுமாக இந்த ஊருக்கு வந்து முதலில் சேர்ந்ததே இங்கே, செட் போடுகிற தச்சனாக. முன்பக்கம் மட்டும் இருக்கிற வீடுகள். கதவைத் திறந்தால் அந்தப் பக்கம் ஒன்றும் கிடையாது, முட்டுக்கட்டையும் மணல் மூட்டையும் பீடி குடிக்கிற லைட்மேனுந்தான். பத்துப் பன்னிரண்டு வருஷம் அப்படி வீடு கட்டினேன். ஒருநாள் சமையல் நிகழ்ச்சி நேரலையில் போய்க்கொண்டிருக்கும்போது அலமாரிக் கதவு ஒன்று ஒற்றைக் கீலில் தொங்கிவிட்டது, அந்த அம்மா கரண்டியும் கையுமாக முழிக்கிறார், டைரக்டர் என்னைப் பிடித்து உள்ளே தள்ளிவிட்டார். நான் பாட்டுக்குத் திருப்புளியை எடுத்துக்கொண்டு போனேன். அந்த அம்மாவுக்கு நேரத்தை ஓட்டவேண்டுமே, "என்ன அண்ணா பண்றீங்க?" என்று கேட்டார். ஸ்குரூ ஓட்டை பெரிசாகிவிட்டது, அதற்குள் ரெண்டு தீக்குச்சியைப் பசையில் தோய்த்து வைத்து முறுக்கினால் பிடித்துக்கொள்ளும் என்று சொல்லி, கையோடு முறுக்கியும் காட்டினேன். காமிரா ஓடுகிறது என்பதே நினைவில்லை. அன்றைக்குச் சமையலைப் பற்றி ஒருவரும் போன் செய்யவில்லையாம், எல்லாரும் தீக்குச்சியைத்தான் கேட்டார்களாம். அடுத்த வாரம் ஐந்து நிமிஷம் கொடுத்தார்கள், அப்புறம் அரை மணி, அப்புறம் ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம், 'நம்ம வீட்டு ஆசாரி' என்று பேர். என் பேர் முப்பிடாதி. அது திரையில் எடுபடாது என்றார்கள், ஆசாரி அண்ணன் ஆக்கிவிட்டார்கள், எண்பது வயதுக் கிழவர் கூடக் கோயிலில் கையைப் பிடித்துக்கொண்டு அண்ணே என்பார். முப்பிடாதி என்று கூப்பிட ஊரில் நாலு பேர் மிச்சம் இருக்கிறார்கள். ஆவுடை அந்தப் பேரைச் சொல்ல மாட்டாள், புருஷன் பேராச்சே, ஆனால் கோபம் வந்தால் 'டிவி ஆசாரி' என்பாள், ரெண்டையும் இழுத்து, உதட்டைச் சுழித்து.

"வாயக் கொஞ்சம் இறுக்கமா மூடுங்கண்ணே." மூடினேன். அந்த வாக்கியத்தை யோசித்து யோசித்து எழுதினதெல்லாம் கிடையாது. போன் நிகழ்ச்சியின் முதல் மழைக்காலத்தில் யாரோ ஒருவர் கதவு இறுகுகிறது, இழைக்கலாமா என்று கேட்டார். எந்தப் பட்டறையில் கேட்டாலும் சொல்லுவார்கள், மரம் மழையில் தண்ணீர் குடித்து உப்பியிருக்கும், அப்போது இழைத்தால் அந்த நேரத்துக்கு நன்றாகத்தான் ஓடும், பங்குனி வெயிலில் மரம் சுருங்கினதும் விரல் நுழைகிற சந்து விழும், பார்க்கிறவன் எவன் செய்த கதவு என்று கேட்டுச் சிரிப்பான். அதைத்தான் வாயில் வந்தபடி சொன்னேன். மேலிடத்துக்குப் பிடித்துவிட்டது. அப்புறம் அதை டீக் கோப்பையில் அச்சடித்தார்கள், காலண்டரில் மார்கழி மாசத்துக்கு அடியில் போட்டார்கள், என் படத்தோடு, காதில் பென்சில் சொருகி. கல்யாண வீட்டில் பந்தி தாமதமானால் கூட ஒருத்தன் எழுந்து தை வரைக்கும் பொறுங்க என்பான், எல்லாரும் என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன், கொஞ்சம் தலைக்கனத்தோடுதான். சொன்னது தப்பா என்றால் தப்பில்லை. இங்கேதான் போய்ச் சிக்கிக்கொள்கிறேன், தினமும், இதே இடத்தில். பொய் சொல்லியிருந்தால் பொய் சொன்னேன் என்று அழுது தீர்த்துவிடலாம். சரியானதைச் சொன்னேன். சரியானதில் எனக்குத் தெரிந்தும் நான் சொல்லாத ஒரு துண்டு இருந்தது. தை வந்தால் கதவு தானாகவே தளர்ந்துவிடும். விரலால் தள்ளினால் போகும். போகிற கதவை எவன் இழைப்பான்? மழையில் வலித்தது வெயிலில் மறந்துபோகும், அடுத்த ஐப்பசி வரைக்கும். இந்தப் பதினோரு வருஷத்தில் பங்குனி மாசம் போன் செய்து கதவைப் பற்றிக் கேட்டவர் ஒருத்தர் கிடையாது. அது எனக்கு எப்பவோ தெரியும். தெரிந்தும் தை வரைக்கும் பொறுங்க, தை வரைக்கும் பொறுங்க என்று மைனா மாதிரி சொல்லிக்கொண்டே இருந்தேன்.

அந்தக் கதவை நான்தான் செய்தேன். வளசரவாக்கத்தில் ஃப்ளாட் வாங்கினபோது மற்ற எல்லாருக்கும் பாத்ரூமுக்குப் பிளாஸ்டிக் கதவுதான் கொடுத்தார்கள், தண்ணீர் பட்டால் ஒன்றும் ஆகாது, லேசு, ஒரு கையால் கழற்றிவிடலாம். ஆவுடையும் அதுவே இருக்கட்டும் என்றாள். என் வீட்டில் பிளாஸ்டிக் கதவா என்று குதித்தேன். ஆறு நாள் உட்கார்ந்து ஒன்றரை அங்குலத் தேக்கில் செய்தேன், ஒரு ஆணி கிடையாது, எல்லாம் பொருத்துத்தான், வெண்கலத் தாழ்ப்பாள், உள்பக்கம் திறக்கிற மாதிரி, கீலும் உள்பக்கம், வெளியிலிருந்து பார்த்தால் ஒரு ஸ்குரூத் தலை தெரியக்கூடாது என்று. சேனலிலிருந்து மேகலா ஒருதடவை டீமோடு வந்து அதைப் படம் பிடித்துப் போட்டாள். முதல் வருஷ மழையில் ஆவுடை சொன்னாள், "ஏங்க, இந்தக் கதவக் கொஞ்சம் என்னன்னு பாருங்க, தொறக்கதுக்குள்ள தோள்பட்ட வலிக்கி." நான் சிரித்துக்கொண்டே அந்த வாக்கியத்தைச் சொன்னேன். "நான் டிவி ஆசாரியக் கேக்கல, எங்க வீட்டு ஆசாரியக் கேக்குதேன்" என்றாள். தையில் கதவு தளர்ந்தது, ஒற்றை விரலால் தள்ளிக் காட்டி, பார்த்தாயா என்றேன். ரெண்டாம் வருஷம் சத்தமில்லாமல் இழுத்து இழுத்துத் திறந்துகொண்டாள், ஒருதடவை மட்டும் கேட்டாள், நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன், ம் என்றேன். மூன்றாம் வருஷம், போன ஐப்பசியில், இட்லித் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள், "போன் போட்டுக் கேட்டாத்தான் சொல்லுவீயளோ? நம்பரக் குடுங்க, நானும் லைன்ல வாரேன்" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். நானும் சிரித்தேன். அதற்கப்புறம் ஒவ்வொரு தடவை ஸ்டூடியோவில் அடுத்த அழைப்பு என்று சொல்லும்போதும் அவள் குரலுக்காகக் காது எழுந்து நிற்கிறது. வரமாட்டாள் என்று தெரியும். தெரிந்தால் என்ன, நிற்கிறது.

மேகலா வந்துவிட்டாள், நெற்றியில் மழைத் தண்ணீர், கையில் தாள், நிகழ்ச்சிப் பொறுப்பாளர் என்று பேர், என் மகள் வயசுதான் இருக்கும், நல்ல பிள்ளை, ஒரு இடத்தில் நிற்காது. "அண்ணா, இன்னிக்கு மழை ஸ்பெஷல். முதல்ல உங்க பழைய கிளிப்பிங் போடுறோம், அந்த டயலாக், பத்து செகண்ட். அது முடிஞ்சதும் ஃப்ரேம்ல நீங்க. அப்படியே லைவா இன்னொரு தடவை சொல்றீங்க. ஓகேவா?" சொல்லித்தான் ஆகணுமா என்று கேட்டேன். "என்னண்ணா இப்படிக் கேக்கறீங்க? அதுக்காகத்தானே ஜனங்க பாக்குறாங்க." மோசஸ் பஞ்சை எடுத்துவிட்டார், கண்ணாடியில் மூன்று பேரும் தெரிந்தோம். மேகலா குரலைத் தணித்துக்கொண்டு, "அண்ணி திதி வருதில்லண்ணா? அடுத்த வாரம் வியாழன் வெள்ளி ரெண்டு நாளும் லீவு சொல்லிட்டேன்" என்றாள். அவளுக்கு ஒன்றும் தெரியாது. ஒருவருக்கும் தெரியாது. பாத்ரூமில் மயங்கி விழுந்தாள், நெஞ்சுவலி, அவ்வளவுதான் எல்லாருக்கும். மகளுக்கும் அவ்வளவுதான், பெங்களூரிலிருந்து வந்து பதினாறு நாள் இருந்தாள், அம்மா கடைசியில் என்ன சொன்னாள் என்று கேட்டாள், ஒன்றும் சொல்லவில்லை என்றேன். சொன்னாள். இப்போது மேகலாவிடம் சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் வந்தது, சொன்னால் என்ன செய்வாள், அய்யோ அண்ணா என்பாள், கண் கலங்குவாள், அப்புறம் கடிகாரத்தைப் பார்ப்பாள். இடையில் நான் செய்த, பழைய வீட்டைப் புதுசாக்கிக் கொடுக்கிற நிகழ்ச்சியில் பார்த்திருக்கிறேன், கண்ணைக் கட்டிக் குடும்பத்தைக் கூட்டி வருவோம், கட்டை அவிழ்த்ததும் அழுவார்கள், அழுகிற இடத்தில்தான் விளம்பரம். பசை கூட அப்போது காய்ந்திருக்காது. அலமாரியைத் தொடாதீர்கள் என்று காதோடு சொல்லி வைத்திருப்போம். அந்த நிகழ்ச்சியும் போயிற்று, ஞாயிற்றுக்கிழமையும் போயிற்று, இப்போது வெறும் புதன்கிழமைக் காலை போன் நிகழ்ச்சிதான், வேலைக்குப் போகாதவர்கள் பார்க்கிறது. "சரிம்மா" என்றேன். "தேங்ஸ்ணா" என்று தாளைச் சுருட்டிக்கொண்டு ஓடினாள்.

மோசஸ் சீப்பை எடுத்தார். சீப்பு மண்டையில் கோடு போடுகிறது, கண்ணை மூடச் சொல்லவில்லை, நானே மூடிக்கொண்டேன், மூடியிருக்கக் கூடாது. காலை பத்து மணி இருக்கும், பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தேன், உள்ளே வாளி உருண்டது. வாளிதான் என்று அடுத்த பக்கத்தைத் திருப்பினேன். அப்புறம் "ஏங்க" என்றாள். ஒரு மாதிரியாக இருந்தது குரல். எழுந்து போய்க் கதவைத் தள்ளினேன், போகவில்லை, உள்ளே தாழ்ப்பாள் வேறு. "நெஞ்சு என்னமோ பண்ணுது, எந்திரிக்க முடியல" என்றாள். "ஆவுடை, இருக்கியா?" என்றேன், பைத்தியக்காரன் கேட்கிற கேள்வி. "இருக்கேன்" என்றாள். உளியை எடுக்க ஓடினேன், வீட்டில் உளி இல்லை. நான் தச்சன், என் வீட்டில் ஒரு உளி இல்லை, ஒரு சுத்தியல் இல்லை. நிகழ்ச்சி ஆரம்பித்தபோது புதுச் சாமான் வைத்தால் பொம்மை மாதிரி இருக்கிறது என்று என் சாமான்களையே கொண்டுவரச் சொன்னார்கள், இழைப்புளி, உளி, உளியை அடிக்கிற கொட்டாப்புளி, எல்லாம் இங்கேதான் பீரோவில் பூட்டி இருக்கிறது, ஒவ்வொன்றிலும் நம்பர் ஒட்டி. வீட்டில் என்ன இருந்தது, அந்த வாக்கியம் போட்ட டீக் கோப்பை ஆறு இருந்தது. திரும்பி வந்து தோளைக் கொடுத்தேன். "கதவ உடைச்சிராதீய" என்றாள். உள்ளே தரையில் கிடந்துகொண்டு என்னிடம் அதைச் சொன்னாள், அவளுக்குத் தெரியும் அந்தக் கதவு எனக்கு என்ன என்று. முதல் இடியை நான் மெதுவாக இடித்தேன். இதைத்தான் யாரிடமும் சொல்லவில்லை. மெதுவாக இடித்தேன். அவள் பயந்துவிடக்கூடாது என்றா, அவள் சொன்னதற்காகவா, இல்லை என் கை செய்த கதவை என் தோள் உடைக்கத் தயங்கியதா. ஒரு வருஷமாக அந்த ஒரு இடியை இடித்துக்கொண்டிருக்கிறேன், ஒவ்வொரு தடவையும் பலமாக இடிக்கவேண்டும் என்று நினைத்துப் போகிறேன், மெதுவாகத்தான் விழுகிறது. ரெண்டாவது இடியிலிருந்து முழுப் பலத்தோடுதான். தோள் எலும்பு விலகியது, கதவு அசையவில்லை. "இருக்கியா?" "இருக்கேன்." பக்கத்து வீட்டுக்காரர் வந்தார், வாட்ச்மேன் கீழே போய்க் கடப்பாரை கொண்டுவந்தார். "ஆவுடை, இருக்கியா?" என்று கேட்டேன். குழாயில் தண்ணீர் மட்டும் விழுந்துகொண்டிருந்தது. கடைசியில் கதவு உடையவில்லை. நிலைதான் சுவரிலிருந்து பெயர்ந்து வந்தது, கதவு அப்படியே அதோடு நின்றது, ஒரு பொருத்துக் கூட விடவில்லை. இருபது நிமிஷம். கொஞ்சம் முன்னாடி கொண்டு வந்திருக்கலாமே என்று டாக்டர் சாதாரணமாகச் சொன்னார்.

"முடிஞ்சதுண்ணே" என்று மோசஸ் கழுத்திலிருந்த துணியை உருவினார். கண்ணாடியில் ஆசாரி அண்ணன் உட்கார்ந்திருந்தான், கண்ணுக்குக் கீழே வீக்கமில்லை, காதில் பென்சில், புதுப் பென்சில், ஒரு நாளும் கோடு போட்டிராதது. எழுந்தேன். முட்டி வலித்தது. செட்டுக்குப் போகிற வழியில் வயர்கள் கிடக்கும், பார்த்து வாங்கண்ணே என்று மோசஸ் கையைப் பிடித்துக்கொண்டார், எப்போதும் பிடிக்க மாட்டார். கேதத்துக்கு வந்த பக்கத்து வீட்டுக்காரர் ஞாபகம் வந்தது, ஆறுதல் சொல்லத்தான் வந்தார் பாவம், என்ன சொல்வது என்று தெரியாமல் பாத்ரூம் வாசல் பக்கம் பார்த்துவிட்டு, "என்ன கதவு சார் அது, மூணு ஆம்பள சேர்ந்து இடிச்சும் அசையலையே" என்றார். பாராட்டாகத்தான் சொன்னார். எனக்குக் கிடைத்த பாராட்டிலேயே அதுதான் பெரிசு. அங்கே சுவரில் சாய்ந்து நின்றபோது எனக்கு வேறொன்று தோன்றியது, அன்றையிலிருந்து அது போகவில்லை. என் வீட்டில் ஒரு கதவு. காலண்டர் போன வீடுகள் எத்தனை. மழையில் கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு, ஆசாரி அண்ணன் சொன்னாரே என்று பொறுத்துக்கொண்டிருக்கிற பொம்பளைகள் எத்தனை பேர். தனியாக இருக்கிறவர்கள், வயதானவர்கள், தாழ்ப்பாள் போடுகிறவர்கள். பயமாக இருக்கிறது. வெளிச்சம் மூஞ்சியில் அடித்தது, மேஜையில் என் சாமான்களை வரிசையாகப் பரப்பி வைத்திருந்தார்கள். இழைப்புளியைத் தொட்டேன், என் உள்ளங்கை தேய்ந்த இடம் அப்படியே இருந்தது, பக்கத்தில் நம்பர், இருநூற்றுப் பதினாலு. ஒரு ஆட்டோ பிடித்து இதை வீட்டுக்குக் கொண்டுபோக எனக்கு மூன்று வருஷம் இருந்தது. பத்து நிமிஷ வேலை. சந்து விழுந்தால் விழுந்துவிட்டுப் போகிறது.

காதில் சொருகிய இயர்போனில் மேகலா, "அண்ணா, கிளிப்பிங் போகுது, அஞ்சு, நாலு" என்றாள். எதிரே டிவியில் நான் வந்தேன், ஏழெட்டு வருஷத்துக்கு முந்திய நான், மீசை கறுப்பு, ஒரு விரலை ஆட்டிக்கொண்டு சொல்கிறேன், மழையில இறுகினா வெயில்ல தளரும், தை வரைக்கும் பொறுங்க. எவ்வளவு சந்தோஷமாகச் சொல்கிறான் பாருங்கள். சிவப்பு விளக்கு எரிந்தது. வணக்கம் என்றேன். வாயில் அடுத்து வரவேண்டியது வரவில்லை. "அண்ணா, டயலாக்" என்றாள் மேகலா. வெளியே நல்ல மழை என்றேன். "சரி பரவாயில்ல, கால் எடுத்துக்கலாம், கால்ல சொல்லிடுங்க, லைன் ரெடி" என்றாள். அடுத்த அழைப்பு. காது எழுந்து நின்றது. "வணக்கம் அண்ணே, மன்னார்குடியிலேருந்து சகுந்தலா பேசுறேன்." ஆவுடை இல்லை. சொல்லுங்கம்மா என்றேன். "பாத்ரூம் கதவுதாண்ணே. மழை வந்தா இறுகிப்போவுது. போன வருஷமே ஒரு தச்சர் வந்து இழைச்சிடலாம்னார். நாந்தான் கை வைக்க விடல. ஆசாரி அண்ணன் தை வரைக்கும் பொறுக்கச் சொல்லியிருக்கார், காலண்டர்லயே போட்ருக்குன்னேன். அப்புறம் தையில அதுவா சரியாயிடுச்சு, நானும் மறந்துட்டேன். இப்ப மறுபடியும் அதே கதை. இந்த வருஷமும் பொறுத்துக்கவாண்ணே?" காதில் மேகலா குதித்தாள், "சூப்பர்ணா, இதான் இடம், சொல்லுங்க, சொல்லுங்க." 'மழையில' என்று வாய் ஆரம்பித்தது. நிறுத்தினேன். "வீட்ல உங்க கூட யாரும்மா இருக்கா?" "நான் மட்டுந்தாண்ணே. தபாலாபீஸ்லேருந்து ரிட்டயர் ஆயிட்டேன். பையன் வெளிநாட்டுல." "தாழ்ப்பாள் போட்டுக்கிடுவீங்களா?" சிரித்தாள். "தனியா இருந்தாலும் பழக்கதோஷம், போட்டுடுவேன்." "இன்னைக்கே அந்தத் தச்சரக் கூப்பிட்டு இழைச்சிருங்கம்மா. இப்பவே, போன வச்சதும். அவர் வார வரைக்கும் தாழ்ப்பாள் போடாதீங்க." காதில் சத்தம் நின்றது. "இழைச்சா வெயில்ல சந்து விழுமேண்ணே, நீங்கதான சொன்னீங்க?" "விழும். விழட்டும்மா. நான் சொன்னதக் கேட்டு யார் யார் பொறுத்துக்கிட்டு இருக்கீங்களோ எல்லாருமே இழைச்சிருங்க. நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது." காமிராமேன் கண்ணை எடுத்துவிட்டு நேராக என்னைப் பார்த்தான். சகுந்தலா, பாவம், பேச்சை லேசாக்கத்தான் கேட்டாள். "என்னண்ணே இப்படி மாத்திப் பேசுறீங்க, உங்க வீட்டுக் கதவும் மழையில இறுகத்தானே செய்யும், அதுக்கு நீங்க என்ன செஞ்சீங்க?" இழைப்புளி மேல் என் கை இருந்தது. "எங்க வீட்ல இப்ப அந்த எடத்துல கதவு இல்லம்மா" என்றேன். "எங்க வீட்டுக்காரி சேலை ஒண்ணத்தான் திரையா தொங்கவிட்டிருக்கேன். மூணு வருஷம் கேட்டா. நான் இழைச்சுக் குடுக்கல. உள்ள விழுந்துட்டா, என்னால தொறக்க முடியல." போனில் மழைச் சத்தம் கேட்டது, மன்னார்குடி மழை, இங்கே தகரத்தில் இந்த ஊர் மழை, ரெண்டும் கொஞ்ச நேரம் அப்படியே பெய்துகொண்டிருந்தன. யாரும் விளம்பரம் போடவில்லை. அப்புறம் அந்தப் பக்கத்திலிருந்து, மெதுவாக, கதவுக்கு வெளியே நின்று கேட்கிற மாதிரி, "அண்ணே, இருக்கீங்களா?" என்றாள் சகுந்தலா.

"இருக்கேம்மா" என்றேன்.